கயிறு வைக்கிற நாள்

குருசடியில் அந்தோனிமுத்துவைப் போல ஒரு பொறுமைசாலியைக் காண ஏலாது என்று ஊர் சொல்லும். அது பாதிக்குமேல் களைப்புத்தான். ஒரு மனுசன் களைத்துப்போய் வாயைத் திறக்காமல் இருந்தால், அதற்கு ஒரு நல்ல பெயரை வைத்துவிட்டுத் தங்கள் பாட்டில் போவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த வேலை.

குருசடி என்பது முல்லைத்தீவுக்குத் தெற்கே, அளம்பிலையும் தாண்டிக் கடற்கரையோடு கிடந்த சின்னக் குடியிருப்பு. ஓலை வேய்ந்த ஒரு கோயில், அதற்கு முன்னால் மணலில் நட்ட பெரிய மரக் குருசு, வலையும் தோணியும் சொந்தமாக வைத்திருக்கிற மூன்று சம்மாட்டிமாரின் கரைவலைகள், அந்த வலைகளை இழுத்துச் சீவிக்கிற குடும்பங்கள். அவ்வளவுதான் ஊர். கரைவலையை ஒரு தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விடுவார்கள். பிறகு அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசை ஆட்கள் நின்று இழுப்பார்கள். வெறுங்கையால் இழுத்து முடியாது. ஒவ்வொருத்தரிடமும் சொந்தமாக ஒரு தோள்கயிறு இருக்கும். அதைத் தோளுக்குக் குறுக்கே போட்டு, நுனியை வலைக்கயிற்றில் கொளுவி, முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்கு நடக்கவேண்டும். மேலே வந்து சேர்ந்ததும் கழற்றிக்கொண்டு நீரோரம் இறங்கித் திரும்பவும் கொளுவவேண்டும். வலையின் கடைசியில் மீன் சேருகிற மடி கரை ஏறுமட்டும் இதுதான்.

அந்தோனிமுத்து மீசை முளைக்கத் தொடங்கின வயதில் செபமாலைச் சம்மாட்டியின் வலையில் தோள்கயிறு கொளுவினவர். ஐம்பதைத் தாண்டின பிறகும் அதே வலை, அதே வரிசை. முதுகின் அடிப்பக்கம், நாரி, போய்விட்டது. காலமை எழும்பும்போது பெண்சாதி புனிதம் கையைக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஊர் வைத்தியம் செய்கிற பரியாரியார் போட்ட எண்ணெயில் பாய் ஊறி நாறினதுதான் மிச்சம். 'இழுக்கிறதை விட்டால் சுகம் வரும்' என்று பரியாரியார் சொன்னார். அதைச் சொல்ல ஒரு பரியாரி வேண்டுமா?

விட்டுப்போக இடமும் இருந்தது. புனிதத்தின் தமக்கை மகன் ஸ்ரீபன் புதிதாகச் சம்மாட்டியானவன். அவன் வெளிப்படையாகவே கேட்டிருந்தான்.

"சித்தப்பா, உங்களுக்கு நாரிதானே போட்டுது, கை நல்லாத்தானே இருக்கு. என்ர வாடியிலை இருந்து வலை பொத்துங்கோ. ஒருத்தரும் உங்களை எழும்பெண்டு சொல்லமாட்டினம்."

வாடிக் கொட்டிலுக்குள் கிழிசலைத் தைத்தபடி, குந்தி இருந்துகொண்டு செய்கிற வேலை. அந்தச் சொல்லைக் கேட்கவே அந்தோனிமுத்துவுக்குப் பாதிச் சுகம் வந்தது. சாவதற்கு முன்னர் கொஞ்சக் காலமாவது இருந்துகொண்டு வேலை செய்யவேண்டும் என்பதைத் தவிர அந்த மனுசனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் குருசடியில் ஒரு சம்மாட்டியை விட்டு இன்னொரு சம்மாட்டியிடம் போக வருசத்தில் ஒரேயொரு நாள்தான் இருந்தது. மே மாதம் மூன்றாம் திகதி வருகிற குருசு கண்டெடுத்த திருநாள். ஆண்டவரை அறைந்த சிலுவையை மண்ணுக்குள்ளிருந்து கண்டெடுத்ததை நினைக்கிற நாள். சோளகக் காற்றுப் பிடித்து, எங்கள் பக்கத்துக் கடல் அடங்கி, வலைக்கு நல்ல காலம் தொடங்குகிற நேரமும் அதுதான். அன்றைக்குப் பெரிய கோயிலிலிருந்து சுவாமியார் மாட்டு வண்டிலில் வந்து பூசை வைப்பார். கோயில் சின்னது என்றபடியால் பெண்டுகள் உள்ளே, ஆம்பிளைகள் வெளியே குருசைச் சுற்றி மணலில் முழந்தாளில். நற்கருணையை உயர்த்துகிற நேரம் கோயிலைப் பார்க்கிற மூப்பர் மரியாம்பிள்ளை மணியை அடிப்பார். மணி ஓயுமட்டும் ஒரு தலையும் நிமிராது.

அந்த நேரந்தான் நேரம். சம்மாட்டியை விட்டுப் போக நினைக்கிறவன் எழும்பிப் போய், தன் தோள்கயிற்றைக் குருசின் அடியில் வைத்துவிட்டு வந்து பழையபடி முழந்தாள் போடுவான். மணி ஓய்ந்து தலைகள் நிமிரும்போது கயிறு அங்கே கிடக்கும். ஆர் வைத்தது என்று கண்டவர் இல்லை. ஆனால் தன் ஆட்களின் கயிற்று முடிச்சு ஒவ்வொரு சம்மாட்டிக்கும் தெரியும். பூசை முடிய அவர் போய் அந்தக் கயிற்றை எடுத்துக் குருசின் கையில் தொங்கவிடுவார். ஆளை விட்டாச்சு என்று அர்த்தம். ஏன், எதற்கு என்ற கதையே கிடையாது. அப்படித் தொங்கின கயிறு இல்லாமல் ஒருத்தனை வேறு சம்மாட்டி எடுத்தால், எடுத்தவருக்கு அந்த வருசம் கடற்கரையில் வலை போடுகிற முறை இல்லை. தகப்பன்மார் காலத்துக் கட்டு அது, மூன்று சம்மாட்டிமாரும் அதில் கையே வைக்கமாட்டார்கள்.

வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும். மாரி முழுக்க அரிசி தந்து, பிள்ளைக்கு வருத்தம் என்றால் வண்டில் கட்டி அனுப்பின ஒருத்தனின் முகத்தைப் பார்த்து 'உன்னை விட்டுப் போறன்' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். குருசடி ஆட்களுக்கு அந்தச் சொல்லு வராது. அதற்குத்தான் அந்தத் திருநாள்.

அந்தோனிமுத்து கயிறு வைக்க வெளிக்கிட்டது நேற்று இன்றைக்கில்லை. முதல்தரம் நினைத்த வருசம், மூத்த மகளுக்கு நெருப்புக்காய்ச்சல். செபமாலைச் சம்மாட்டி தன் வண்டிலிலேயே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த வருசம் எந்த முகத்தோடு கயிறு வைக்கிறது? அடுத்த தரம் சம்மாட்டியின் தகப்பன் செத்துத் துடக்கு. அதற்கடுத்த தரம் மகளின் கலியாணம், சம்மாட்டிதான் முன்னுக்கு நின்றவர். ஒரு தரம் அவருடைய வலை கல்லில் பிடித்துக் கிழிந்த வருசம், இந்த நேரத்தில் விட்டுப் போகிறது மனுசத்தன்மை இல்லை என்று தோன்றியது. வாற வருசம் பார்ப்பம், வாற வருசம் பார்ப்பம் என்று தலைமயிர் வெளுத்துவிட்டது. திருநாள் எங்கே போகப்போகிறது, வருசா வருசம் வருகிறதுதானே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் ஆண்டு மே மாதம் மனுசன் உண்மையாகவே துணிந்துவிட்டார். தோள்கயிற்றைச் சாறத்துக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு போய் மணலில் முழந்தாள் போட்டார். மணி அடித்தது. தலைகள் குனிந்தன. எழும்பப் பார்த்தால் நாரி பிடித்துக்கொண்டது. ஒரு கையை ஊன்றிப் பார்த்தார், இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தார், கிளம்பவே ஏலவில்லை. அவர் ஒரு காலைத் தூக்கி வைக்கிறதற்கிடையில் மணி ஓய்ந்து, எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். செபமாலைச் சம்மாட்டி பக்கத்தில் வந்து, "என்ன அந்தோனி, நாரியோ" என்று கேட்டுக் கையைக் கொடுத்து எழுப்பிவிட்டார். விட்டுப் போகவேண்டியவரின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பி வீட்டுக்கு வந்த கதையைக் கேட்ட புனிதத்துக்கு அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை.

"வாற திருநாளுக்கு நீங்கள் முழந்தாள் போட வேண்டாம். நிண்டுகொண்டே இருங்கோ. கடவுள் கோவிக்கமாட்டார்" என்று சொன்னா. சொன்னதோடு விடவில்லை. இவர் கயிறு வைத்தால் அன்றைக்கே குருசுக்கு ஒரு கிடாய் தருவதாக நேர்த்தியும் வைத்து, குட்டியொன்றை வாங்கி வளர்க்கத் தொடங்கினா.

அந்த வருசக் கடைசியில், மாரி மழைக்குள், சுவாமியார் வந்து பிரசங்கத்தில் ஒரு விசயத்தை வாசித்தார். உரோமாபுரியில் திருநாட் கணக்கைச் சுருக்கியிருக்கிறார்களாம். ஒரே சங்கதிக்கு இரண்டு திருநாள் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுகிறார்களாம். சிலுவைக்கு மே மாதம் ஒன்று, செப்டெம்பரில் ஒன்று. மே மாதத்தது இனி இல்லை. ஊர் கேட்டது, நற்கருணை வாங்கினது, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றது. நாலைந்து வருசத்துக்கு முன்னர் பெரிய சனிக்கிழமைப் பூசையைக் காலமையிலிருந்து இரவுக்கு மாற்றினபோதும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் ஒருத்தரின் வலையும் கிழியவில்லை. உரோமாபுரியில் செபத்தை எடுத்தால் எடுக்கட்டும், எங்கள் கடற்கரையில் நாளை ஆர் எடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தோனிமுத்துவும் அப்படித்தான் நினைத்தார்.

தை மாதம் புதுத் திருநாட் கலண்டர் கோயில் சுவரில் ஏறியது. மே மூன்றில் ஒன்றுமே இல்லை, வெறும் புதன்கிழமை. மரியாம்பிள்ளை மூப்பர் அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சுவாமியாரிடம் போனார். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்த நேரம் அது. சுவாமியாருக்கு அந்தத் தலையிடியே போதும்.

"மூப்பர், நான் போட்ட சட்டமில்லை. செப்டெம்பர்த் திருநாள் இருக்குத்தானே, அதைப் பெரிசாக் கொண்டாடுங்கோ. மே மாதம் அண்டைக்கு எனக்கு வேறை ஊரிலை பூசை இருக்கு" என்றார்.

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அங்கேயிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே சிலுவைக்கு இரண்டு திருநாள் வீண்தான். அதில் ஒன்றிலே குருசடி ஆட்களின் தோள்கயிறு கட்டியிருக்கிறது என்று உரோமாபுரிக்கு ஆர் போய்ச் சொன்னது? கேட்டிருந்தாலும் எங்கள் ஆட்கள் சொல்லியிருக்கமாட்டார்கள்.

திருநாள் போன பிறகுதான் அதில் என்னென்ன கொளுவியிருந்தது என்று ஊருக்கு விளங்கத் தொடங்கியது. தோணிக்குத் தார் பூசுகிற நாள் அதிலிருந்து எண்ணுவது. வலை போடுகிற முறை அதிலிருந்து எண்ணுவது. புனிதத்தின் நேர்த்திக் கிடாய்க்குக் கொடுபடுகிற நாள் இல்லாமல் போய், அது வேலிக் கிடுகையெல்லாம் தின்று கொழுத்துக்கொண்டு நின்றது. இவைகளை ஒருமாதிரிச் சமாளித்தார்கள். கயிறு வைக்கிறதைத்தான் சமாளிக்க ஏலவில்லை.

மூப்பர் எல்லோரையும் கடற்கரையில் கூட்டி, கயிறு வைக்கிறதையும் செப்டெம்பருக்கு மாற்றுவம் என்றார். சம்மாட்டிமார் மூன்று பேரும் உடனே தலையாட்டினார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? செப்டெம்பர் பாதியில் சோளகம் முடிந்து வலைகள் வாடிக்குள் ஏறிவிடும். பிறகு மாரி முடியுமட்டும் சம்மாட்டி தருகிற அரிசிதான். அந்த நேரம் ஒருத்தன் கயிறு வைத்தால் பழைய சம்மாட்டியின் அரிசி நிற்கும், புதுச் சம்மாட்டிக்கு ஆளெடுக்க வேலை இல்லை. பிள்ளைகுட்டியோடு மாரியைப் பட்டினியாகக் கடக்கத் துணிந்தவன்தான் வைக்கலாம். நாளும் இருந்தது, வழியும் இருந்தது, வைக்கத்தான் ஏலாது. இழுக்கிற ஆட்களுக்கு அது விளங்காமல் இல்லை. விளங்கியும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் வாய் திறக்கிற ஆட்களாக இருந்தால் அவர்களுக்குக் கயிறு எதற்கு?

அந்தோனிமுத்து ஸ்ரீபனிடம் போனார். அவன் தலையைச் சொறிந்தான்.

"சித்தப்பா, எனக்கு நீங்கள் வாறதெண்டால் சந்தோசம். ஆனால் குருசிலை கயிறு தொங்காமல் உங்களை எடுத்தனெண்டால் மற்ற ரெண்டு சம்மாட்டியும் என்ர முறையை வெட்டிப் போடுவினம். என்னை நம்பியும் ஆக்கள் இருக்கினம்தானே."

"ஓம் ராசா, விளங்குது" என்று சொல்லிவிட்டு மனுசன் மூப்பரிடம் போனார். அந்த நாள் காலமை மணியை மட்டும் ஒருக்கால் அடிக்க ஏலாதோ என்று கேட்டார். அவர் தன் வாழ்நாளில் ஒருத்தரிடம் வாய்விட்டுக் கேட்ட பெரிய காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"பூசையில்லாமல் மணியடிச்சால், ஊர் தீப்பிடிச்சிட்டுதெண்டு வாளியோடை ஓடிவரும்" என்றார் மரியாம்பிள்ளை. பிறகு இரங்கின குரலில், "அந்தோனி, நான் கிழவன். சுவாமிக்குத் தெரிஞ்சால் என்னைத்தான் கேப்பார்" என்றார்.

மே மூன்று வந்தது. வெறும் புதன்கிழமை. அன்றைக்கு வேறு சம்மாட்டியின் முறை என்றபடியால் செபமாலையின் ஆட்களுக்கு வேலை இல்லை. அந்தோனிமுத்து வெளுத்த சாறத்தைக் கட்டிக்கொண்டு குருசின் அடிக்குப் போனார். சுவாமியார் இல்லை, சனம் இல்லை, குனிந்த தலை ஒன்றும் இல்லை. தூரத்தில் மற்ற வலையை இழுக்கிற ஆட்களின் அம்பாப் பாட்டு காற்றோடு வந்துகொண்டிருந்தது. புனிதம் சொன்னபடி முழந்தாள் போடாமல் நின்றார். மணி அடிக்கிற நேரம் என்று தனக்குத் தோன்றின நேரத்தில் கயிற்றை எடுத்துக் குருசின் அடியில் வைத்தார். வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தவர், வருசக்கணக்கில் தூங்காத ஒரு தூக்கம் தூங்கினார்.

பின்னேரம் வேலிப் படலையில் ஆள் கூப்பிடுகிற சத்தம். செபமாலைச் சம்மாட்டி. மகளின் கலியாணத்துக்குப் பிறகு அந்தப் படலைக்கு அவர் வந்ததே இல்லை. கையில் தோள்கயிறு.

"கயிறைக் குருசுக்குக் கீழை மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டாய் அந்தோனி. நல்ல காலம், நான் கண்டது. நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும்."

முகத்தில் கோபம் இல்லை, கள்ளமும் தெரியவில்லை. முடிச்சு அவருக்குத் தெரியும், நாளும் தெரியும், எதற்கு வைத்தது என்றும் தெரியும். போன வருசமென்றால் அதே கயிற்றை அவரே எடுத்துக் குருசில் தொங்கவிட்டிருக்கவேண்டும். இந்த வருசம் அது மறந்துபோய் விட்ட கயிறு, அவ்வளவுதான். நீட்டினார். அந்தோனிமுத்துவின் கை போய் வாங்கிக்கொண்டது. இவ்வளவு காலமும் அவர் தந்ததை வாங்கிப் பழகின கை, வேறு என்ன செய்யும்?

"நாளைக்கு எங்கட முறை. வெள்ளண வா" என்று சொல்லிவிட்டுச் சம்மாட்டி போனார். "ஓம் சம்மாட்டி" என்று இவரும் சொன்னார்.

குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட புனிதம் வெளியே வந்தா. அவாவுக்குக் கோபம் வருகிறது குறைவு, வந்தால் குரல் உயராது, தணியும்.

"வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீங்கள்?"

"என்னெண்டு சொல்லுறது, புனிதம்."

"மறக்கேல்லை, வைச்சனான் எண்டு சொல்லுறது."

"முகத்தைப் பாத்துச் சொல்ல வருகுதில்லை."

"உங்கட முதுகை ஒவ்வொரு நாளும் பாக்கிறது நானெல்லோ" என்றா புனிதம். அந்தக் கயிற்றை அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் நேர்த்திக் கிடாயின் கழுத்தில் போட்டு, பூவரசில் இறுக்கிக் கட்டினா. பழைய கயிற்றைக் கிடாய் ஏற்கெனவே மென்று துப்பியிருந்தது.

விடியப்புறம் அந்தோனிமுத்து எழும்பிப் பூவரசடிக்குப் போனார். கிடாய் கயிற்றின் மேலேயே படுத்திருந்தது. அவிழ்க்கலாம்தான், முடிச்சொன்றும் பெரிய முடிச்சில்லை. குனிந்து பார்த்தார். நாரி குத்தியது. ஒரு நிமிசம் குனிந்தபடியே நின்று யோசித்துவிட்டு, அவிழ்க்காமல் வெறுங்கையோடு கடற்கரைக்கு நடந்தார். போகாமல் வீட்டில் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கத் தெரியாது அவருக்கு. சம்மாட்டியின் முறை நாளில் கடற்கரைக்குப் போகாமல் இருந்ததே இல்லை, கால் அதன் பாட்டில் போகும்.

தோணி வலையை வளைத்து முடித்துத் திரும்பியிருந்தது. தெற்கு வரிசையும் வடக்கு வரிசையும் கயிறு கொளுவத் தொடங்கின. வடக்கு வரிசை இவருடையது. எல்லோரும் தோள்கயிற்றைப் போட்டுச் சாய்ந்தார்கள், அம்பா கிளம்பியது. அந்தோனிமுத்து தன் இடத்தில் வெறுங்கையோடு நின்றார். வலைக்கயிறு அவருக்கு முன்னால் அசைந்து மேலே போனது. அவர் மெல்ல ஒரு கையை ஊன்றி, பிறகு மற்றக் கையையும் ஊன்றி, மணலில் குந்தி இருந்தார்.

வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு போனது. முதலில் எல்லோரும் நாரிப் பிடிப்பு என்று நினைத்தார்கள். ஆனால் ஓராள் குறைந்தால் கரைவலை பொய் சொல்லாது. தெற்குப் பக்கம் வேகமாக ஏற, வடக்குப் பக்கம் பிந்தி, கடலுக்குள் வலையின் வாய் கோணலாகத் திரும்பியது. அப்படியே விட்டால் மடிக்குள் வந்த மீன் முழுதும் வடக்கால் வெளியேறிவிடும். அம்பாப் பாட்டு தடுமாறி நின்றது.

செபமாலைச் சம்மாட்டி மணல்திட்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன அந்தோனி, எழும்பு. வலை கோணுது."

"என்னாலை ஏலாது, சம்மாட்டி."

"நாரியோ? கொஞ்சம் பொறுத்து எழும்பன். கயிறெங்கை?"

அந்தோனிமுத்து அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இரண்டு வரிசைக்கும் கேட்டது.

"கயிறை நான் நேற்று மறந்துபோய் விடேல்லை. வைச்சனான்."

கடற்கரையில் இப்படி ஒரு சொல்லை ஒருத்தரும் கேட்டதில்லை. பாவம், சம்மாட்டிக்கும் இதில் பழக்கம் இல்லை. அவர் பழகினதெல்லாம் பூசை முடிய ஒரு கயிற்றை எடுத்துக் கொளுவிவிட்டுத் திரும்புகிறது. போகிறவனும் பேசவேண்டியதில்லை, விடுகிறவரும் பேசவேண்டியதில்லை. இப்போது ஓமென்றால் நாளைக்கு இன்னும் நாலு பேர் இப்படி இருந்துவிட்டால் என்ன செய்கிறது? இல்லையென்றால், எழும்ப ஏலாதவனை எப்படி எழுப்புகிறது? ஆட்கள் கயிற்றைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடலுக்குள் வலை கோணிக்கொண்டே போனது.

சம்மாட்டி தோளில் கிடந்த சால்வையை எடுத்தார். அதை முறுக்கித் தோளுக்குக் குறுக்கே போட்டு, நுனியை வலைக்கயிற்றில் சுற்றிக்கொண்டு, வடக்கு வரிசையில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் நின்றார். தகப்பன் வலையைக் கையில் தந்த பிறகு அவர் கயிறு தொட்டதில்லை. ஒருத்தன் அம்பாவைத் தொடங்கினான். சம்மாட்டி சாய்ந்தார். இரண்டாம் முறை நீரோரம் இறங்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. நாலாம் முறை கால் மடிந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, முகம் கறுத்து, ஆனாலும் விடவில்லை. தன் வலை என்ற எண்ணமோ, ரோசமோ தெரியாது. அந்தோனிமுத்துவுக்கு எழும்பிப்போய் அவர் தோளிலிருந்து அந்தச் சால்வையை வாங்கவேண்டும் போல இருந்தது. அதுவும் ஏலவில்லை.

மடி கரை ஏறியது. பாதிக்குமேல் மீன் போய்விட்டது, சூடையும் கொஞ்சம் பாரையும் மிஞ்சியது. ஆட்கள் மீனைத் தெரிந்து பிரிக்க, செபமாலைச் சம்மாட்டி தள்ளாடி வந்து அந்தோனிமுத்துவுக்குப் பக்கத்தில் மணலில் தொப்பென்று இருந்தார். மூச்சு அடங்கவே கனநேரம் எடுத்தது. சால்வை பட்ட தோள் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சேட்டுப் போடாத அந்தோனிமுத்துவின் தோளைப் பார்த்தார். அதே இடத்தில், வருசக்கணக்கில் காய்த்துத் தடித்து மாட்டுத் தோல் போலக் கிடந்தது.

"உன்னாலை ஏலாதெண்டு எனக்கு முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அந்தோனி" என்றார். குரலில் குற்றம் இல்லை, உண்மையாகவே கேட்டார். "இவ்வளவு வருசமும் ஒருநாள் வாய் திறக்கேல்லையே நீ."

"சொல்லுறதுக்கெண்டு ஒரு நாள் இருந்ததுதானே, சம்மாட்டி" என்றார் அந்தோனிமுத்து. "அது இருக்குதெண்டு நம்பி இருந்திட்டன்."

சம்மாட்டி அந்தோனிமுத்துவின் தோளைப் பிடித்து, அதில் பாரத்தைப் போட்டு எழும்பினார். நனைந்து முறுக்கேறிக் கிடந்த சால்வையை எடுத்துக்கொண்டு மணலில் மெல்ல மெல்ல ஏறிக் குருசின் அடிக்குப் போனார். மற்ற இரண்டு சம்மாட்டிமாரின் ஆட்களும் பார்க்கத்தக்கதாக, கயிறு தொங்கவேண்டிய இடத்தில், குருசின் கையில் அதைக் கொளுவிவிட்டார். திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அந்தோனிமுத்துவுக்கு உடனே எழும்ப ஏலாமல் இருந்தது. நாரி விடவில்லை. புனிதம் வந்து கையைக் கொடுக்குமட்டும் அங்கேயே இருந்தார், அவரை எழும்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.